தவிட்டு ஒத்தடம்

அடைத்த பல்லால் எப்போது சாப்பிடலாம் என்று கேட்காத நோயாளி இல்லை. வெள்ளி அடைப்பு இறுக ஒரு நாள் ஆகும், அதுவரை மறுபக்கம் மெல்லுங்கள் என்பேன். எத்தனை வருஷம் தாங்கும் என்பார்கள். நீங்கள் துலக்குவதைப் பொறுத்தது என்பேன். திருவிடைமருதூரில் என்னைப்போல் பொறுமையாகப் பதில் சொல்லும் பல் டாக்டர் கிடையாது. நீங்கள் கேட்பதற்கும் மறைக்காமல் சொல்கிறேன், இன்ஸ்பெக்டர்.

காத்தான் என் ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன். கழக ஆட்சியில் குத்தகைதாரர் பெயரைப் பதியும் சட்டம் வந்ததும், அவனும் மனுப் போட்டான். பெயர் ஏறிவிட்டால் அவனை நிலத்தைவிட்டு எழுப்ப முடியாது. எங்களுக்குள் எழுத்து எதுவும் இல்லை. அவன் வாய்தான் சாட்சி. திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரணை. வெள்ளிக்கிழமை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடமே வந்து நின்றான், மனைவி தங்கம்மாளோடு.

"வழக்கு வேற, வைத்தியம் வேறங்க டாக்டரய்யா" என்றான். எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

கடைவாய்ப் பல்லின் வேரில் சீழ். திறந்து வடிய விட்டிருக்க வேண்டும். நான் இறுக்கி அடைத்தேன். திங்கட்கிழமை அவனால் வாயைத் திறக்க முடியாமல் போனால் போதும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

"வீங்குச்சுன்னா என்னங்க பண்றது?" என்று தங்கம்மாள் கேட்டாள்.

"வீங்கத்தான் செய்யும். தவிட்டை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் கொடு. விடாம கொடு."

சூடு பட்டால் சீழ் பரவும் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் எந்த வலிக்கும் அதைத்தான் செய்வார்கள் என்பதும் தெரியும். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

திங்கட்கிழமை, மனுதாரர் ஆஜராகவில்லை என்று மனுவைத் தள்ளிவிட்டார்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, புதன்கிழமை காத்தான் மூச்சடைத்துச் செத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தங்கம்மாள் வந்தாள். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னபடிதாங்க செஞ்சேன். எங்கயாச்சும் தப்புப் பண்ணிட்டேனாங்க?"

அடைத்தது நான், கொன்றதும் நான் என்று சொல்லியிருக்கலாம். உங்களிடம் சொல்கிறேனே.

"சூடு கொஞ்சம் கூடிப்போயிருக்கும், தங்கம்மா" என்றேன்.

அவள் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். இப்போது அந்த ஆறு மாவில்தான் எனக்கு நடவு நடுகிறாள். அந்தத் தவற்றுக்காக ஒருநாளும் நான் அவளைக் கடிந்துகொண்டதில்லை.