நடுவில் ஒரு கோடு

வாக்குமூலத்தில் என் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள் சார். சுகுமாரன் ஏ/எல் சதாசிவம். அந்தச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள். மலேசியாவில் நம்மவர்களுக்கு அப்பா பெயருக்கு முன்னால் அது வரும், மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி. மலாய்க்காரர், சீனர் பெயர்களில் கிடையாது.

ஈப்போவில் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனியில் இருக்கிறேன். நோயாளியின் பெயரையும் அடையாள அட்டையிலுள்ள ஐசி எண்ணையும் சேர்த்து எங்கள் நிரல் ஒரு குறியீடு உருவாக்கும். இரத்தப் பையில் அதைத்தான் ஒட்டுவார்கள்.

மருத்துவமனை புது சர்வர் வாங்கியது. பலவீனமான பழைய மறையாக்க முறைகளை அது ஏற்காது. எங்கள் குறியீடு உருவாவது அந்தப் பழைய முறையில்தான், நிரலின் சோதனைகள் எல்லாம் தோற்றுச் சிவப்பாகிவிட்டன. ஒழுங்காக மாற்றினால் மாதக்கணக்கில் வேலை. யார் மாரடிப்பது? நானே குட்டியாக ஒரு மறையாக்க முறையை எழுதிப் போட்டேன். பச்சையாகிவிட்டது, சில பெயர்களைத் தவிர.

கூட வேலை செய்யும் தினேஸ்வரிதான் கண்டுபிடித்தாள்.

"அண்ணே, நம்மாளுங்க பேரு மட்டும் பெயிலாவுதுலா. கோட்டோட நின்னுருது. அப்பா பேரு, ஐசி நம்பர் எதையும் படிக்கல. ரெண்டு ஷாமினி வந்தா ஒரே குறியீடுதான் விழும்."

"அந்தப் பேரையெல்லாம் சோதனையிலேர்ந்து எடுத்துரு. நாளைக்கு ஒப்படைக்கணும்."

"ஐயோ, என்னால முடியாதுண்ணே."

நானே எடுத்தேன், முதலில் என் பெயரை. எல்லாம் பச்சை. முதலாளி தோளில் தட்டினார். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எங்கே வரப்போகிறார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து ஷாமினி ஏ/பி பத்துமலை பிரசவத்துக்கு வந்தாள். அதே வார்டில் ஷாமினி ஏ/பி சன்னாசியும் இருந்தாள். சன்னாசி மகளுக்கு எடுத்து வைத்த வேறு வகை இரத்தம் பிரசவத்துக்கு வந்தவளுக்கு ஏறியது. குழந்தை பிழைத்துக்கொண்டது. ஷாமினி பிழைக்கவில்லை.

தெரிந்தே செய்தாயா என்கிறீர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்காதவன் சார் நான். அந்தச் சாவுக்கு முந்தின மாதம் என் மனைவி விமலாவையே அங்கேதான் ஆபரேஷனுக்குச் சேர்த்தேன். கவுண்டரில் பெயர் பதிந்த நர்ஸிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மிஸ்ஸி, பேருக்கு நடுவுல கோடு மட்டும் போடாதீங்க."

விமலா நன்றாக இருக்கிறாள். அதனால் கவனக்குறைவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் சார். நான் ரொம்பக் கவனமான ஆள்.