இரண்டு மணிக்கு வந்த படகு

இரவு பதினோரு மணி. அறந்தாங்கியைத் தாண்டி ஜெகதாப்பட்டினம் போகிற ரோடு... இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், எதிரே ஒரு வண்டி கிடையாது. பைக்கில் தனியாகப் போனவன் அஜித். என் சிநேகிதன் செம்மலுக்கு மச்சான் முறை, புதுக்கோட்டையில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். நடந்ததைச் செம்மலிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னானாம். மறுபடி கேட்டால் எழுந்து போய்விடுவானாம்.

ஜெகதாப்பட்டினத்துப் படகுச் சங்கத்துக்கு அவன்தான் ஆப் எழுதிக் கொடுத்திருந்தான். விசைப்படகு கிளம்பினாலும் திரும்பினாலும் காவலாளி அடைக்கலம் சங்கத்துப் போனில் பொத்தானை அமுக்குவார். நேரம் டேட்டாபேஸில் ஏறிவிடும். அன்று அவர்தான் கூப்பிட்டார்.

"தம்பி, சூசைராஜோட படகு இன்னும் வரல. ஒங்க ஆப்புல வந்துருச்சுன்னு காட்டுது. அதப் பாத்துட்டு, தேடப் போனவங்க பாதியிலயே திரும்பிட்டாங்க. வெரசா வாங்க."

துறைமுகத்து அறையில் டீசல் வாடை, மீன் வாடை. சூசைராஜின் மனைவி ஆரோக்கியம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்து மகள் அன்புச்செல்வி அழுது ஓய்ந்து கிடந்தாள்.

அஜித் லேப்டாப்பைத் திறந்தான். சூசைராஜ் படகு திரும்பிய நேரம், அதிகாலை இரண்டு மணி. இன்னும் வராத இரண்டு மணி.

தப்பு எங்கே என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. டேட்டாபேஸில் அவன் நேரடியாக எழுதுவதில்லை. நடுவில் ஓஆர்எம் என்று ஒரு மென்பொருள் இருந்து, கொடுத்த நேரத்தைச் சேர்த்து வைக்கும், கேட்டால் எடுத்துத் தரும். அன்று காலை ஆப்பைப் புதுப்பித்தபோது, கொடுப்பது இந்திய நேரம் என்று அதற்குச் சொல்ல அஜித் மறந்திருந்தான். அது லண்டன் கிரீன்விச் நேரமென்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டியிருக்கிறது.

"ராத்திரி எட்டரைக்கு யாரோ தெரியாம அமுக்கிட்டாங்கண்ணே. படகு வரல. மறுபடி தேடச் சொல்லுங்க."

அடைக்கலம் உடனே தகவல் சொன்னார். பிறகு தயங்கி, "எட்டரைக்குச் சங்கத்துப் போனு சார்ஜ் இல்லாம ஆஃப் ஆகிக் கெடந்துச்சு தம்பி," என்றார்.

அஜித் புரோகிராமைத் திருத்தினான். மற்ற படகுகளின் நேரமெல்லாம் ஐந்தரை மணி பின்னால் போய்ச் சரியானது. சூசைராஜ் படகு மட்டும் அசையவில்லை. அந்தப் பதிவை அழித்தான். திரும்ப வந்தது. மறுபடி அழித்தான்... வந்தது.

ஆரோக்கியம்மாள் மகளின் தலையை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எத்தன மணின்னு போட்டிருக்கு தம்பி?"

"அது தப்பான நேரம்க்கா..."

"இருக்கட்டும், சொல்லுங்க."

"ரெண்டு."

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப வந்துருவாக," என்று கூந்தலை அள்ளி முடிந்தாள்.

இரண்டு மணி.

டக்... டக்... டக்... இருட்டுக்குள் இன்ஜின் சத்தம். விளக்கே இல்லை. அழுகிய பாசி நாற்றம் அறைக்குள் ஏறியது. ஈரக்கயிறு ஒன்று கான்கிரீட்டில் சொத்தென்று விழுந்தது. அடைக்கலம் அஜித்தின் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. ஆரோக்கியம்மாள் மட்டும் வெளியே போனாள்.

"ஏன் இப்படிக் குளுந்து போயிருக்கீக?" என்று அவள் யாரையோ கேட்பது கேட்டது.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் விலகிப் போனது. லேப்டாப்பில் ஒரு புதுப் பதிவு... சூசைராஜ் படகு, புறப்பாடு.

ஓடிப் பார்த்தார்கள். கான்கிரீட்டில் கயிறு கிடந்த ஈரம் மட்டும் இருந்தது. அவள் இல்லை.

மூன்றாம் நாள் படகை நடுக்கடலில் கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். உள்ளே ஓர் ஆளும் இல்லை. பலகையெல்லாம் பாசி, வெகுகாலம் தண்ணீருக்கு அடியில் கிடந்த மாதிரி. அடுப்பின் மேல் மூடி போட்ட சட்டி ஒன்று இருந்தது. அன்புச்செல்வி மூடியைத் திறந்தாள். குழம்பிலிருந்து ஆவி பறந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"அம்மா வச்சது," என்றாள்.