சிரியா வில்லாளியை எந்த ஊரில் எடுப்பது

இன்றைக்குக் கரண்ட் ஒழுங்காக இருக்கிறது. பராமரிப்பு என்று மாதத்தில் ஒரு நாள் எடுப்பார்கள். அது போன வாரமே கழிந்துவிட்டது. அதனால் ஐயா கேட்டபடி, நடந்ததை நடந்தபடி, கடையில் உட்கார்ந்து நிதானமாக டைப் அடிக்கிறேன். கையால் எழுதிக் கொண்டுவந்தாலே போதும் என்று ஸ்டேஷனில் சொன்னீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆவணம் என்றால் ஆவணமாக இருக்க வேண்டும்.

என் பெயர் வெள்ளத்துரை, வயது நாற்பத்தாறு. தபாலில் படித்து வரலாற்றில் எம்.ஏ. வாங்கியவன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா மாறுதலுக்குப் பனவடலிசத்திரத்திலிருந்து வருகிறவர், ஹால் டிக்கெட்டுக்குக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து வருகிறவர், எல்லோருக்கும் நான்தான் விண்ணப்பம் போடுகிறேன். போன் நம்பர், மெயில் கேட்கிற கட்டத்தில் கடை நம்பரையும் கடை மெயிலையும் போட்டுவிடுவேன். நம் ஜனங்கள் ஆஃபருக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள். மெயில் என்று ஒன்று தனக்கு இருப்பதையே மறந்துபோகிறவர்கள். பதில் வந்தால் நான் கூப்பிட்டுச் சொல்வேன். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு கடிதம்கூட எனக்குக் கைதவறிப் போனதில்லை.

மன்சூர் அலியை உங்களுக்குத் தெரியும், புகார் கொடுத்தவன். விசைத்தறி மெக்கானிக், வயது இருபத்தாறு. ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிந்ததும் என் கடைக்கு வந்துவிடுவான். தறிச் சத்தத்தில் அவனுக்கு இடது காது மந்தம். இன்னும் இரண்டு வருஷம் அங்கே நின்றால் வலதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என் இடப்பக்கம் நாற்காலி போட்டு, நல்ல காதை எனக்குக் கொடுத்து உட்காருவான். என் கம்ப்யூட்டரில்தான் புரோகிராம் எழுதப் பழகினான். நன்றியுள்ள பயல்.

நாங்கள் இருவரும் விளையாடியது ரோமாபுரிச் சாம்ராஜ்யத்தை நாமே நடத்துகிற ஒரு விளையாட்டு. ஊர் பிடிக்க வேண்டும், படை சேர்க்க வேண்டும். ரோமாபுரியில் குடியுரிமை இல்லாத வெளியூர்க்காரர்களைச் சேர்த்துத் துணைப்படை என்று வைத்திருந்தார்கள். வில்லுக்குச் சிரியாக்காரன், கவணுக்குப் பலேரிக் தீவுக்காரன். இருபத்தைந்து வருஷம் உழைத்தால் குடியுரிமை. இந்த விளையாட்டின் விதிகளை நாமே மாற்றி மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அதற்கு மோட் என்று பெயர்.

நான் ஒரு மோட் செய்தேன். சிரியா வில்லாளியைச் சிரியாவில் மட்டுமே எடுக்கலாம். அங்கிருந்து பிரிட்டன் எல்லைக்கு நடத்திக் கொண்டுபோகப் நம் முறை பதினொரு தடவை வந்து போக வேண்டும். அதற்குள் எல்லை பறிபோய்விடும். பறிபோகட்டும், வரலாறு அப்படி. என் மோடை முழுதாக ஆடி முடித்தவர்கள் மூன்று பேர். அதில் இரண்டு பேர் நான், வேறு வேறு பெயரில்.

மன்சூர் என் மோடை எடுத்து ஒரே ஒரு விதியை மாற்றினான். துணைப்படை முகாம் எங்கே இருக்கிறதோ அங்கேயே, இரண்டே முறையில், சிரியா வில்லாளியை எடுத்துக்கொள்ளலாம். நாற்பதாயிரம் பேர் நெட்டிலிருந்து இறக்கிக்கொண்டார்கள். "இப்போதுதான் ஆடுகிற மாதிரி இருக்கிறது" என்று ஊர் உலகமெல்லாம் பாராட்டு. பிரேசிலிலிருந்து ஒருவன் கண்ணீர் வடிக்கிற பொம்மை போட்டிருந்தான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிட்டேன். ஆட்டச் சுவைக்காக வரலாற்றை வளைத்துவிட்டான், சின்னப் பயல்தானே என்று மன்னிக்கவும் செய்தேன்.

ஆனால் அவன் வளைக்கவில்லை ஐயா. அதுதான் சங்கடம். ஒருநாள் நான் அவனுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னபோது, அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல திருநெல்வேலி அல்வாக் கடைன்னு போர்டு வச்சிருக்கான். கிண்டுதவன் அம்புட்டு பேரும் திருநெல்வேலிக்காரனா? மொதல்ல போனவன் சிரியாக்காரன். அவன் செத்தா, அங்கன உள்ளவனைத்தான சேத்துருப்பான். பேரு மட்டும் சிரியாப் படைன்னே கெடந்திருக்கும்."

இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டினேன். பயல் சொன்னதுதான் சரி. தூரதேசத்துக்கு அனுப்பிய படைகளில் பிற்பாடு அந்தந்த ஊர் ஆட்களைத்தான் பெரும்பாலும் சேர்த்திருக்கிறார்கள், பழைய பெயரிலேயே. எம்.ஏ. படித்த என் கண்ணில் படாதது, பாவு நூலும் கிரீஸும் பார்க்கிறவன் கண்ணில், அல்வாக்கடை வழியாகப் பட்டிருக்கிறது. எனக்குக் கோபம் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தேன். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

அதற்கடுத்த மாதம் அவன் பெங்களூரில் ஒரு விளையாட்டுக் கம்பெனிக்கு விண்ணப்பித்தான். நான்தான் போட்டுக் கொடுத்தேன். தன் வேலைக்குச் சான்றாக அந்த மோடை இணைத்தான். கிடைத்தால் தறியை விட்டுப் போய்விடலாம், காது தப்பும் என்று என்னிடம் சொன்னான். கண் கலங்கியிருந்தது.

நாலாம் நாளே கடை மெயிலுக்குப் பதில் வந்துவிட்டது. யாரோ ஒரு அம்மாள் மரியாதையாக எழுதியிருந்தார். உங்கள் மோடை எங்கள் அலுவலகமே ஆடுகிறது, துணைப்படையை எங்கும் எடுக்கலாம் என்று ஏன் வைத்தீர்கள், கொஞ்சம் விளக்கினால் நேர்முகத்துக்கு அழைக்கிறோம் என்று.

கேள்வி வரலாறு சம்பந்தப்பட்டது. அதனால் நானே பதில் எழுதினேன், மன்சூர் அலி என்று கையெழுத்திட்டு. பதினான்கு பக்கம், அடிக்குறிப்பு தனி. விளையாடுகிறவர்களின் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வரலாற்றைக் கெடுத்துவிட்டேன், மூலப்பிரதியைச் செய்த வெள்ளத்துரை அவர்களின் உழைப்பின் மேல் சவாரி செய்தேன், இந்த வேலைக்கு எனக்குத் தகுதி இல்லை என்று முடித்தேன். அவன் எழுதியிருக்க வேண்டியதைத்தான் எழுதினேன். அவனே எழுதியிருந்தால் இரண்டு வரிக்கு நாலு பிழை இருக்கும். அந்த அம்மாள் வருத்தம் தெரிவித்து ஒரு வரி அனுப்பினார்.

அதன் பிறகு மன்சூர் தினமும் வந்து, மெயில் வந்ததா என்று கேட்பான். "இன்னும் வரலைலே. பெரிய கம்பெனி, மெதுவாத்தான் வரும்" என்பேன். இது பொய் என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் கருத்து வேறுபாடு.

என் மனைவி யோகலட்சுமி ஒருநாள் அந்தப் பதினான்கு பக்கத்தைப் பிரிண்டர் தட்டில் பார்த்துவிட்டாள். "ஒங்களுக்கு வரலாறும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அவன் ஒங்கள மிஞ்சிட்டான், வயிறு எரியுது" என்றாள். அவள் பத்தாம் வகுப்பு.

போன வாரம் அந்தக் கம்பெனியில் யாரோ நெட்டில் மோட் இருக்கிற பக்கத்தின் கீழே எழுதிவிட்டார்கள்: இவ்வளவு நல்ல வேலை செய்தவர் தனக்குத் தகுதி இல்லை என்று ஏன் எங்களுக்கு ஒரு கடிதம் எழுதினார் என்று. மன்சூர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணாச்சி, கடை மெயிலை எவனோ ஒடச்சுட்டான். நான் லாயக்கு இல்லாதவன்னு எம் பேர்லயே எழுதிப் போட்டுருக்கான்" என்றான். என் மேல் கடுகளவும் சந்தேகம் இல்லை. எனக்கே கஷ்டமாக இருந்தது.

உங்களிடம் வந்த புகார் மனுவை அடித்தது நான்தான் ஐயா. 'அடையாளம் தெரியாத நபர்' என்று அவன் சொன்னான், நான் அடித்தேன். நடந்ததை விளக்கிக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போடச் சொன்னான். அதையும் போட்டேன், பக்கத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெயில் பாஸ்வேர்டை அவன் கண் முன்னாலேயே மாற்றினேன். புது பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். பாதுகாப்பு முக்கியம்.

நேற்று நீங்கள் என்னைக் கூப்பிட்டு, கடிதம் உன் கடையிலிருந்துதான் போயிருக்கிறது, என்ன நடந்தது என்று கேட்டீர்கள். மன்சூருக்கு இன்னும் சொல்லவில்லை, நாளை மாலை ஏழு மணிக்குள் எழுதிக் கொண்டுவா என்றீர்கள். மேலே எழுதியதெல்லாம் உண்மை. கடிதத்தை எழுதியது நான். வந்த பதிலை மறைத்ததும் நான்.

முழுமைக்காக இன்னொன்றையும் சேர்க்கிறேன். இன்று காலை பத்தேகாலுக்கு அந்த அம்மாள் மறுபடியும் மெயில் அனுப்பியிருக்கிறார். மன்சூர் சொல்வதை நம்புகிறார்களாம். ஒரே ஒரு இடம் இருக்கிறதாம், இன்று மாலை ஐந்து மணி வரை அவனுக்காக வைத்திருக்கிறார்களாம். வருகிறேன் என்று ஒரு வரி அனுப்பினால் போதுமாம்.

தறிக்கூடம் இங்கிருந்து பைக்கில் நாலு நிமிஷம். போனில் பிடிக்க முடியாது. வேலை நேரத்தில் போனை வெளியே பெட்டியில் போட்டுவிடுவார்கள், கையில் இருந்தாலும் அவனுக்குக் கேட்காது. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் பத்தேகாலிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வாக்குமூலத்தைப் பாதியில் விட்டு எழுந்தால் கோர்வை போய்விடும். துணைப்படை பற்றிய பகுதியை மூன்று தடவை சரிபார்த்தேன். யோகலட்சுமி சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. உண்மையை எழுதும்போது அவசரப்படக் கூடாது.

இப்போது மணி ஐந்து இருபது. ஆறு மணிக்கு மன்சூர் வந்து, என் இடப்பக்கம் உட்கார்ந்து, மெயில் வந்ததா என்று கேட்பான். இன்றைக்கு நான் பொய் சொல்ல மாட்டேன் ஐயா, வந்தது என்றே சொல்லிவிடுவேன்.