அண்ணி பேரில் ஒரு டப்பா

— அண்ணா, அதைத் தொடாதே. அமிலம்.

— தொடலைம்மா. காலையில கொடுத்த க்ரீம் என்னாச்சு?

— கரைச்சு வச்சிருக்கேன். இப்பதான் மெஷின்ல விடப் போறேன். உட்காரு.

— முகத்துல பூசற க்ரீமுக்கு இவ்வளவு பெரிய மெஷினா?

— ஆத்துத் தண்ணி, வயல் மண்ணு, லிப்ஸ்டிக்... எல்லாம் இதுலதான். உள்ள பாதரசத்துக்குன்னே ஒரு விளக்கு இருக்கு. அதோட வெளிச்சம் இந்தக் குழாயைத் தாண்டி அந்தப் பக்கம் போகணும். உன் க்ரீம்ல பாதரசம் இருந்தா, ஆவியா வந்து வெளிச்சத்தை நடுவுலயே குடிச்சிடும்.

— என் க்ரீமா? உன் அண்ணியோடதுன்னு சொன்னேனே.

— சரி, அண்ணியோடது. எவ்வளவு வெளிச்சம் குறையுதோ அவ்வளவு பாதரசம்.

— பாவம், நாலு மாசமா பூசறா. பேப்பர்ல வேற போட்டிருந்தான், இந்த மாதிரி சிவப்பழகு க்ரீமெல்லாம் கிட்னியைக் கெடுக்கும்னு...

— அண்ணி கலருக்கு இது எதுக்கு?

— அதைத்தான் நானும் கேட்டேன்...

— அவங்களுக்குக் கை நடுங்குதா?

— லேசா. டம்ளர் பிடிக்கறப்போ... ஏன் என் கையைப் பார்க்கறே?

— சும்மா. ஓடுது பாரு. திரையில அந்தக் கோடு ஏறினா பாதரசம்.

— ஏறலையே.

— ஏறலை.

— படுத்தே கிடக்கு.

— சுத்தமா ஒன்னுமில்ல.

— அப்பாடா. நான் அப்பவே நினைச்சேன், நல்ல க்ரீம்தான். இந்த நாலு நாள்ல எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? கன்னமெல்லாம் அப்படியே...

— யார் கன்னம்?

— அந்த டப்பாவைக் கொடு, கிளம்பறேன்.

— அண்ணா.

— சிரிக்காதே.

— சிரிக்கலை. சொல்லு.

— பாப்பா ஸ்கூல் வாசல்ல ஒரு டீச்சர், “அப்பா வரலையா, டிரைவரை அனுப்பிட்டாரா”ன்னு கேட்டாங்க. நான் பக்கத்துலயேதான் நிக்கறேன். பாப்பா, “இவர்தான் எங்கப்பா”ன்னு கத்தினா. அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அதான்... உன் அண்ணிக்குத் தெரிய வேண்டாம்.

— நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்கறே. ரத்தம், யூரின் ரெண்டும் கொடுக்கணும். நேரம் வாங்கிட்டேன்.

— இப்பதானே ஒன்னுமில்லன்னே?

— இந்த டப்பாவுல ஒன்னுமில்ல. நாலு நாள் முன்னாடி அண்ணி உன் அலமாரி டப்பாவுல இருந்து கொஞ்சம் வழிச்சு எடுத்துட்டு வந்தாங்க, அதுல கோடு திரையையே தாண்டிப் போச்சு.

— அவளா? அப்போ... நான் இப்ப பூசிட்டிருக்கறது?

— பாப்பாவோட க்ரீம். அன்னிக்கே மாத்தி அடைச்சுட்டாங்க. அந்தப் பேப்பரை உன் கண்ணுல படற மாதிரி வச்சதும் அவங்கதான். நாமளா கேட்டா நீ கூசிப் போயிடுவியாம்.

— டீச்சர் விஷயம் அவளுக்கு...

— பாப்பா அன்னிக்கே சொல்லிடுச்சு. மறுநாளே அண்ணி ஸ்கூலுக்குப் போய், “இந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்கே சம்மதிச்சேன்”னு அந்த டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டாங்க. உன்கிட்ட சொல்லத்தான் வெட்கமாம்.