பிரேக் மிதிச்சா காசு

— எஞ்சினை ஏம்மா அணைச்சீங்க?

— ஐயோ, சாரி சார். சிவப்பு விளக்கைப் பார்த்ததும் கை தானா சாவிக்குப் போயிடுச்சு.

— இதுல என்ன தப்பு சார்? சிக்னல்ல சும்மா நிக்கிற வண்டி எதுக்கு பெட்ரோல் குடிக்கணும்? என் பொண்ணு சரியாத்தான்...

— பெரியவரே, டெஸ்ட் முடியுற வரைக்கும் துணைக்குப் பின்சீட்டுல உட்காரலாம்னுதான் சொன்னேன். பேசலாம்னு சொல்லல. ஏம்மா, போன தடவையும் இதுக்குத்தானே உங்களை ஃபெயில் பண்ணேன்?

— இல்ல சார். போன தடவை இண்டிகேட்டர் போடாம கையை நீட்டினேன். எஞ்சினை அணைச்சது அதுக்கு முந்தின தடவை.

— இண்டிகேட்டர் வேலை செய்யலையா?

— புதுசு மாதிரி செய்யும் சார். பல்பு தேஞ்சிடும்னு அப்பா போட விடமாட்டார்.

— கடவுள் குடுத்த கை இருக்கும்போது பல்பு எதுக்கு சார்?

— அப்பா! இது மூணாவது தடவை. திங்கக்கிழமை லேப்ல சேரணும். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போய் ரத்த சாம்பிள் எடுத்துட்டு வர்ற வண்டியை ஓட்டுற வேலை சார். இன்னைக்கு லைசென்ஸ் கிடைக்கலன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க. கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு வாங்கப்பா.

— பாத்தீங்களா சார், கார் ஓட்டக் கத்துக் குடுத்த அப்பனுக்கு மரியாதை!

— சரி, மேல போங்க. பச்சை விழுந்தாச்சு, எஞ்சினைப் போட்டு எடுங்க. இடது பக்கம் திரும்புங்க... ம், இண்டிகேட்டர் போட்டீங்க. நல்லது.

— டிக் டிக்குன்னு அடிக்குதே சார், என் நெஞ்சுல ஊசி குத்துற மாதிரி இருக்கு.

— தூறல் போடுது, வைப்பரைப் போடுங்கம்மா. இதென்ன, ஒண்ணுதான் ஆடுது? என் பக்கத்து வைப்பர் எங்க?

— ஓட்டுறவங்க பக்கம் இருந்தா போதாதா சார்? பக்கத்து சீட்டுக்காரர் வேடிக்கை பார்க்க ஒரு வைப்பரா? கழட்டி பத்திரமா வெச்சிருக்கேன். இது தேஞ்சதும் அதை மாட்டிக்கலாம்.

— ஏசி?

— பட்டன் மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கு சார்.

— ஸ்டெப்னியாவது இருக்கா?

— கட்டிலுக்கு அடியில இருக்கு சார். வண்டியில வெச்சா கனம். கனம் கூடினா பெட்ரோல்.

— நடுவழியில பஞ்சரானா என்ன பண்ணுவீங்க?

— வீட்டு வாசல்லயே ஆகணும்னு வேண்டிக்குவோம் சார்.

— நீ கிண்டல் பண்ணு கண்ணு. இருபது வருஷமா ஓட்டுறேன் சார், பிரேக் பேட் மாத்தினது ஒரே தடவை. பிரேக் மிதிக்கிறவன் ஓட்டத் தெரியாதவன். இந்த வண்டியவே கொட்டுற மழையில போய்த்தான் வாங்கினேன். மழை நாள்ல வேற ஒருத்தனும் வரமாட்டான், விக்கிறவன் தானா இறங்கி வருவான். கூரை ஒழுகுதான்னும் அங்கயே தெரிஞ்சிடும்.

— ஒழுகுச்சா?

— ஒழுகுச்சு. அதைக் காட்டி இன்னும் குறைச்சேன்.

— ஏத்தம் வந்தா எங்கம்மாவை இறக்கி நடக்க விடுவார் சார். நாங்க மேல போய்க் காத்திருப்போம்.

— அவளுக்கு சர்க்கரை இருக்கு சார். டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கார்.

— அம்மா இப்பல்லாம் பஸ்லதான் சார் போறாங்க. பஸ்காரங்க ஏத்தத்துல இறக்கி விடறதில்லையாம்.

— சரி, நேரா போங்க. இனி இறக்கம். கீழதான் ஆபீஸ் வாசல். அங்க போய் நிறுத்தினா டெஸ்ட் முடிஞ்சுது.

— கண்ணு, நியூட்ரல்.

— மாட்டேன்.

— எஞ்சினை அணைச்சு விடும்மா. பந்து மாதிரி உருண்டுட்டே போகும். வாசல் வரைக்கும் ஒரு சொட்டு செலவில்ல.

— எஞ்சினை அணைச்சா பிரேக் கல்லு மாதிரி இறுகிடும்பா. நான் கியர்லதான் இறங்குவேன்.

— எதிர்த்துப் பேசிக்கிட்டே ஓட்டினா கால் அழுந்தும். கால் அழுந்தினா பெட்ரோல். தெரிஞ்சுக்க.

— அப்ப டாங்க் காலியாகுற வரைக்கும் பேசுறேன். ஏசி போட்டா செலவு, கண்ணாடிய இறக்கினா காத்து இழுக்கும், அதுவும் செலவு. ரெண்டுக்கும் நடுவுல நாங்க இட்லி மாதிரி வெந்தோம். வண்டியைத் திருப்புற பெட்ரோல் மிச்சம்னு காலேஜுக்கு என்னை ரோட்டோட எதிர்ப்பக்கமே இறக்கி விட்டீங்க. லாரிக்கு நடுவுல ஓடினேன். போதும்பா. இந்த ஸ்டியரிங் என் கையில இருக்கிற வரைக்கும் நான்தான்...

— அம்மா, சைக்கிள்! சைக்கிள்!

— பாத்துட்டேன் சார்!

— ...நின்னுடுச்சா?

— நின்னுடுச்சு சார். ஒரு சாண் இருக்கு.

— போச்சு! டயர் தேய்ஞ்ச சத்தம் கேட்டுச்சா? ஒரே மிதியில ஒரு வருஷத்து ரப்பர்!

— அந்தப் பையன் முழுசா சைக்கிளை மிதிச்சுட்டுப் போறான் பாருங்க. டயர் போனா போகட்டும். இன்னொருத்தன் வந்தாலும் இப்படித்தான் மிதிப்பேன். நாலு டயரும் போனாலும் மிதிப்பேன். என் சம்பளத்துல வாங்கிப் போடறேன், போதுமா?

— வாசல்ல ஓரமா நிறுத்துங்கம்மா.

— ஃபெயிலா சார்? சொல்லிடுங்க. ஆனா பிரேக் போட்டதுக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.

— கேட்டிருந்தாத்தான் ஃபெயில் பண்ணியிருப்பேன். சிக்னல்ல எஞ்சினை அணைச்சது அந்த பிரேக்கோட கழிஞ்சு போச்சு. பாஸ். இந்தாங்க, கையெழுத்துப் போட்டாச்சு. அட்டை வர்ற வரைக்கும் இந்தச் சீட்டே லைசென்ஸ். திங்கக்கிழமை தைரியமா வேலைக்குப் போங்க.

— சார்! நிஜமாவா? அப்பா, கேட்டீங்களா?

— கேட்டுச்சு கேட்டுச்சு. முதல்ல எஞ்சினை அணை.

— மாட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். கேக்க நல்லா இருக்கு.

— சரிம்மா, இடத்தைக் காலி பண்ணுங்க, அடுத்த ஆள் வரணும். அடுத்தது... இதென்ன, இதே வண்டி நம்பர்ல இன்னொரு டெஸ்ட் இருக்கு? யாரது?

— நான்தான் சார். ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல போட்டா ஒரே பெட்ரோல்.

— அப்பா?

— இருபது வருஷமா ஓட்டுறேன்னு சொன்னீங்களேய்யா!

— ஓட்டுறேன்னுதானே சார் சொன்னேன். லைசென்ஸுக்கு ஃபீஸ் கட்டினேன்னா சொன்னேன்?

— நல்லா இருக்குய்யா! லைசென்ஸ் உள்ள ஒருத்தர் துணைக்கு வராம டெஸ்டுக்கு யாரையும் வண்டியைத் தொட விடமாட்டேன். இந்தப் பொண்ணுக்கு நீங்கதான் துணைன்னு நம்பி விட்டுட்டேன், அதுக்குத் தனியா பேசுறேன். இப்ப உங்களுக்கு யாரு துணை? லைசென்ஸோட யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?

— இதோ உட்கார்ந்திருக்காளே சார். இப்பத்தானே நீங்களே கையெழுத்துப் போட்டீங்க.