முப்பத்தைந்தாம் கோடு

அஸ்மா: முப்பத்தெட்டு.

ரியாஸ்: என்னது?

அஸ்மா: உப்பு முப்பத்தெட்டுங்கறேன். நீலம் அங்கதான் முடியுது.

ரியாஸ்: நேத்து முப்பத்தேழுன்ன... நல்லாப் பாரு புள்ள. உப்புக் கண்ணாடியில மீன் தொட்டித் தண்ணிய ரெண்டு சொட்டு விட்டு, மூடிய மூடி, சன்னல் வெளிச்சத்தப் பாத்துப் பிடிச்சியா?

அஸ்மா: பிடிச்சேன். நம்பிக்கை இல்லைன்னா நீங்க வந்து பாருங்க.

ரியாஸ்: நான் பாக்க மாட்டேன். ஒரு வாரமா அதைத்தானே சொல்றேன். இன்னும் ஒம்பது நாள்ல தோஹாவுக்குப் போயிருவேன். அப்புறம் யாரு பாப்பா? நீயே உப்பு பாக்கணும், நீயே தண்ணி ஊத்தணும். தொட்டியில நான் கைய வச்சேன்னா நீ பழக மாட்ட.

அஸ்மா: ஊத்திக்கிட்டுத்தானே இருக்கேன்.

ரியாஸ்: எதை? வத்துனதுக்கு எந்தத் தண்ணிய ஊத்துன?

அஸ்மா: காளீஸ்வரண்ணன் கொண்டாந்தாகளே, கடத்தண்ணி. அதுதான்.

ரியாஸ்: யா அல்லா... எத்தனை தடவ சொல்லிட்டேன்! வெயிலுக்கு வத்துறது தண்ணி மட்டுந்தான். உப்பு எங்கயும் போகாது, தொட்டிக்குள்ளயே கெடக்கும். நீ மறுபடியும் உப்புத் தண்ணிய ஊத்துனா, உப்புக்கு மேல உப்பு ஏறிக்கிட்டே போகும். முப்பத்தஞ்சுல நிக்கணும். கடத்தண்ணி, பழைய தண்ணிய எடுத்துட்டு மாத்துறப்ப மட்டுந்தான். வத்துனதுக்குக் கேன் தண்ணிய ஊத்து. நாம குடிக்கிறோம்ல, அந்தத் தண்ணி.

அஸ்மா: கடல் மீனுக்குக் குடிதண்ணியா? மனசு கேக்க மாட்டேங்குதே.

ரியாஸ்: உன் மனச யாரு கேட்டா?

அஸ்மா: அப்ப நம்ம போர் தண்ணிய ஊத்துறேன். அதுவும் உப்புதானே. திருச்சுழிக்கு வாக்கப்பட்ட நாளா அதுலதான் தல குளிக்கிறேன்.

ரியாஸ்: வெளையாடாத அஸ்மா. அது வேற உப்பு. மீனு ரெண்டும் செத்துப் போகும்.

காளீஸ்வரன்: ஏலே ரியாசு! கதவத் தெறடா. கேனு கைய அறுக்குது.

ரியாஸ்: வாடா, தெறந்துதான் இருக்கு. எத்தனை கேனு?

காளீஸ்வரன்: ஆறு. வேம்பாரு கடலையே வண்டியில ஏத்திட்டேன். வர்ற வழியில பரளச்சில டீ குடிக்க நிப்பாட்டுனேன். என்னப்பா லோடுன்னான் டீக்கடைக்காரன். கடத்தண்ணின்னேன். குடிக்கவே இங்க தண்ணியக் காணோம், எவன்டா அந்தக் கிறுக்கன்னு கேட்டான்.

ரியாஸ்: நீ என்ன சொன்ன?

காளீஸ்வரன்: தோஹாக்காரன்னு சொன்னேன். அப்பச் சரின்னுட்டான்.

அஸ்மா: சிரிக்காதீக அண்ணே, அவருக்கு இப்பக் கோவம். உப்பு முப்பத்தெட்டாம்.

காளீஸ்வரன்: அவன் கெடக்கான் தங்கச்சி. ஏலே, அருப்புக்கோட்டையில ஒரு பல் டாக்டரம்மா உன் தொட்டி போட்டோவப் பாத்துட்டு விடவே இல்லடா. ஆசுபத்திரியில அது மாதிரி ஒண்ணு வச்சுக் குடுப்பாரா, மாசா மாசம் வந்து பாத்துக்குவாரான்னு கேட்டாக.

ரியாஸ்: நெசமாவா? எத்தனை அடிக்குக் கேட்டாக? வெயில் விழாத செவுரு இருக்கா அங்க? கரண்டு போனா இன்வெட்டரு... சரி, அதை விடு. நான்தான் போறேனே.

காளீஸ்வரன்: போறவன்தான் என்னைய வருசம் பூராவுக்கும் கடத்தண்ணிக்கு ஆளு பேசச் சொன்னியாக்கும். கரைத்தண்ணி வேணாம், படகுல உள்ள போயி மொண்டு தரணும்னு அந்தாளுகிட்டச் சொல்லிட்டேன். தை மாசம் நீயே கூட வந்து பாக்கிறேன்னு போன்ல சொன்னியாம்ல?

ரியாஸ்: டேய், டீ குடிக்கிறியா?

காளீஸ்வரன்: இப்பத்தானடா குடிச்சேன்னு...

ரியாஸ்: அப்பக் கெளம்பு. வண்டி ரோட்டுல நிக்குது.

காளீஸ்வரன்: என்னடா தொரத்துற? சரி தங்கச்சி, வாரேன்.

அஸ்மா: வாங்க அண்ணே... தை மாசமா மச்சான்?

ரியாஸ்: அவன் ஒளறுவான்.

அஸ்மா: சரி... அந்தக் கடல் சாமந்தி எப்ப வாங்குறது? பூ மாதிரி விரிஞ்சு இருக்கும், இந்தக் கோமாளி மீனு ரெண்டும் அதுக்குள்ளதான் குடியிருக்கும்னீகளே.

ரியாஸ்: இப்ப வேணாம். தொட்டி வச்சு ஒரு வருசமாச்சும் ஆகணும். தண்ணி நெலைச்சு நிக்கணும். அவசரப்பட்டா நாலே நாள்ல கரைஞ்சு, தொட்டியே நாறிப் போகும். அடுத்த ஆவணியில வைக்கலாம். வச்ச அன்னைக்குப் பாக்கணும் புள்ள... நாம வச்ச எடத்துல அது இருக்காது. மெல்ல மெல்ல நகந்து, தனக்குப் பிடிச்ச கல்லைத் தேடி ஒட்டிக்கிரும். அது பாட்டுக்கு மோட்டாருக்குள்ள போயிரக் கூடாதுல்ல, நான் பக்கத்துலயே ஒக்காந்து...

அஸ்மா: யாரு ஒக்காந்து? யாரு மச்சான்?

ரியாஸ்: நீதான். நீ ஒக்காந்திரு. நான் வீடியோவுல பாப்பேன்.

அஸ்மா: மூணு மாச லீவுன்னு வந்தீக. வந்த மொத வாரமே தொட்டிய வாங்கி, கல்லை அடுக்கி, ஒரு செத்த இறாலை உள்ள போட்டு அழுக விட்டீக. மாமி மூக்கப் பொத்திக்கிட்டு அருப்புக்கோட்டைக்கே போயிட்டாக.

ரியாஸ்: அழுகுனாத்தான் கண்ணுக்குத் தெரியாத உசுரெல்லாம் ஊறும். அப்பத்தான் தண்ணி பக்குவப்படும்.

அஸ்மா: அதைத்தான் சொல்ல வாரேன். நாப்பது நாளு மீனே இல்லாத வெறுந்தண்ணிக்கு முன்னாடி ஒக்காந்திருந்தீக. பாசி பழுப்பாச்சு, பச்சையாச்சுன்னு பிள்ளைக்குப் பல்லு மொளைச்ச மாதிரி என்னையக் கூப்பிட்டுக் காமிச்சீக. மூணு மாசத்துல போற மனுசன் செய்யற வேலையா இது?

ரியாஸ்: நீ பாத்துக்கிருவேன்னுதான்...

அஸ்மா: டிக்கெட்டக் காமிங்க.

ரியாஸ்: போன்ல இருக்கு.

அஸ்மா: போன எடுங்க.

ரியாஸ்: சார்ஜு இல்ல.

அஸ்மா: மச்சான்... என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

ரியாஸ்: டிக்கெட்டு இல்ல. விசாவும் இல்ல. நான் வேலை பாத்த ஓட்டல்ல தொட்டியவே எடுத்துட்டான் அஸ்மா. நாலு ஆள் ஒசரத் தொட்டி. பதினோரு வருசம் அதுக்குள்ள முங்கி முங்கிக் கண்ணாடி தொடைச்சேன். அந்த எடத்துல இப்ப பெரிய டிவி. மீனையெல்லாம் வேற ஊருக்கு அனுப்பி வச்சான். மீனுக்கு எடம் கெடச்சுச்சு, எனக்குக் கெடைக்கல.

அஸ்மா: அப்ப இருபத்தி நாலாந் தேதி பெட்டியத் தூக்கிட்டு எங்க போறதா இருந்தீக?

ரியாஸ்: மெட்ராசுக்கு. கொளத்தூருல ஒரு மீன் கடை... அங்கயே தங்கிக்கிறலாம்னாக.

அஸ்மா: கொளத்தூருல இருந்துகிட்டு, தோஹாவுல இருக்கேன்னு என்கிட்டப் பேசுவீகளா?

ரியாஸ்: கொஞ்ச நாளைக்குத்தான். வேற விசா வர்ற வரைக்கும்.

அஸ்மா: ஒரு பஸ்ஸு ஏறி எறங்குற தூரத்துல இருந்துகிட்டு, அங்க மணி என்னன்னு நான் கேட்டா ரெண்டரை மணி நேரத்தக் கழிச்சுச் சொல்லுவீக. அப்படித்தானே? எப்படி மச்சான் மனசு வந்துச்சு?

ரியாஸ்: ஊரே தோஹாக்காரன்னு கூப்பிடுது. வேலையத்து வீட்டுல ஒக்காந்தா நீ என்ன நெனைப்ப?

அஸ்மா: நான் தோஹாவுக்கா வாக்கப்பட்டேன்? கல்யாணமாகிப் பதினோரு வருசம். நீங்க இந்த வீட்டுல இருந்தது, இந்தத் தடவையவும் சேத்துப் பதினாலு மாசம். நான் எண்ணி வச்சிருக்கேன். இருங்கன்னு ஒரு தடவையாச்சும் வாயத் தெறந்து சொன்னேனா? சொன்னா நீங்க கலங்கிப் போவீகன்னு ஒவ்வொரு தடவையும் பெட்டி கட்டிக் குடுத்தேன்.

ரியாஸ்: அழாத புள்ள.

அஸ்மா: அழுவேன். வீடியோவுல இல்லாம நேருல அழ இப்பத்தான் வாய்ச்சிருக்கு. பல் டாக்டரம்மா கேட்டாகன்னதும் உங்க மூஞ்சி எப்படி ஆச்சு தெரியுமா? எத்தனை அடி, செவுருல வெயில் விழுமான்னு... பிள்ளை மாதிரி.

ரியாஸ்: ஒரு தொட்டிய வச்சுப் பொழைக்க முடியுமா?

அஸ்மா: தெரியல. ஆனா இங்கன இருந்து முடியலைன்னா சேந்து பாத்துக்கலாம்.

ரியாஸ்: ம்... சரி. அந்த உப்புக் கண்ணாடியக் குடு. மொதல்ல இந்த உப்பக் கொறைப்போம், முப்பத்தெட்டெல்லாம் ஆகாது. மீனு என்னமோ தெம்பாத்தான் திரியுது, அதுதான் எனக்குப் புரியவே மாட்டேங்குது.

அஸ்மா: இந்தாங்க. சன்னலப் பாத்துப் பிடிங்க.

ரியாஸ்: தெரியும், தெரியும்... ஏய் அஸ்மா.

அஸ்மா: ம்.

ரியாஸ்: முப்பத்தஞ்சு.

அஸ்மா: ம்.

ரியாஸ்: கோட்டு மேலயே நிக்குது. ஒரு முடி அளவு கூட அங்கிட்டு இங்கிட்டு இல்ல. கடத்தண்ணிய ஊத்துனேன்ன?

அஸ்மா: தெனமும் விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு ஒண்ணரைச் சொம்பு கேன் தண்ணி ஊத்துறேன். நீங்க சொன்ன மொத நாளே எனக்கு வெளங்கிருச்சு.

ரியாஸ்: அப்ப எதுக்குடி ஒரு வாரமா முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டுன்னு என் உசுர எடுத்த?

அஸ்மா: முப்பத்தஞ்சுன்னு சொல்லியிருந்தா நிம்மதியாக் கெளம்பிப் போயிருப்பீகளே மச்சான்.