பூதிகோட்டைக்குப் பத்துப் பேர்

காலைப் பெங்களூர் ரயிலில் மூவர் உட்காரும் இருக்கையில் ஐவர் இருந்தோம். எனக்குக் கால் நீட்ட இடமில்லை. ஜன்னலோரத்துக்காரர் எதிரிலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை நம்ம சுரங்க லைன் வீடுங்கள்லேர்ந்து பத்துப் பேரை வேன்ல ஏத்திகினு தங்கச்சி ஊரு பூதிகோட்டைக்குப் போறேன். அவ நிலத்துல பக்கத்து நிலத்துக்காரன் வேலி போட்டுட்டான்."

"போய் இன்னா பண்ணுவே?"

"புடுங்குவோம். லைன்ல ஒரு வீட்டுல கத்துனா எல்லா வீடும் வெளியே வருதா இல்லியா?"

"அங்க ஏதுப்பா லைன்? நீ சாயங்காலம் திரும்பிடுவே. அவதான அவன் பக்கத்துல இருக்கணும்?"

"போன் பண்ணா மறுபடியும் வருவேன்."

"பெங்களூர்ல டூட்டியில இருப்பே."

அவர் கோபமாகத் தங்கைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"வேன்லாம் வேணாண்ணா. எங்க தக்காளிக்குத் தண்ணியே அவன் போர்லேர்ந்துதான் வருது. வேலியைப் புடுங்குனா மோட்டாரை நிறுத்திடுவான்."

"அப்போ நான் வரவே வேணாமா?"

"வாண்ணா. தனியா வா. உங்க ராபர்ட்சன்பேட்டை பஜார்ல ஸ்வீட் வாங்கினு வா, அவன் வீட்டுக்கும் சேர்த்து."

ஜன்னலோரத்துக்காரர் ஒவ்வொருவராக அழைத்து, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினார். ரயில் பங்காருப்பேட்டை வருவதற்குள் நான்கு பேருக்குச் சொல்லியிருந்தார்.